ஜோபர்க் சந்தை விலையை நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்தால் போதுமா?

மார்ச் 3, தென்னாப்பிரிக்காவில் ஜோஹனஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

"அக்கா, ஜோஹனஸ்பர்க் பங்குச் சந்தையில் பத்துப் பன்னிரண்டு பங்குகளின் விலையை நேரலையில் எடுத்துச் சேமிக்க பைத்தானில் ஒரு சின்னக் கருவி எழுதியிருக்கிறேன். புரோக்கர் தரும் இணைப்பிலிருந்து நிமிடத்துக்கு ஒரு முறை கடைசி விலையை எடுத்து எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் போடும். நாள் முடிவில் என் கோப்பில் இருக்கும் உச்ச விலையும் சந்தை அறிவிக்கும் உச்ச விலையும் ஒத்துப்போவதே இல்லை. முடிவு விலையும் தள்ளித்தான் நிற்கிறது. பழுது கருவியிலா, இணைப்பிலா? நொடிக்கு ஒரு முறை என்று மாற்றினால் சரியாகிவிடுமா?"

மார்ச் 3, இரவு

இரண்டிலும் பழுதில்லை தம்பி. உங்கள் கருவி நிமிடத்துக்கு ஒரு முறைதான் கண்ணைத் திறக்கிறது. 10:14:00-க்கு ஒரு விலை, 10:15:00-க்கு ஒரு விலை. நடுவில் விலை மேலே போய்த் திரும்பியிருந்தால் அது உங்கள் கோப்பில் நடக்கவே இல்லை. காலையும் மாலையும் மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, பகலெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சலே இல்லை என்று சொல்வது போலத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பிசகு ஒரே பக்கமாகத்தான் சாயும். மாதிரி எடுத்த உச்சம் உண்மையான உச்சத்தைத் தாண்டவே முடியாது. மாதிரி எடுத்த அடிவிலை உண்மையான அடிக்குக் கீழே போகவும் முடியாது. அதனால் உங்கள் கோப்பில் நாளின் ஏற்ற இறக்கம் எப்போதும் சற்றுக் குறுகித்தான் தெரியும். ஐந்து வருடத் தரவைச் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் அது ஈடுகட்டிக்கொள்ளாது. அந்தக் கோப்பை வைத்து "இந்தப் பங்கு ஒரு நாளில் இவ்வளவுதான் ஆடும்" என்று கணக்குப் போட்டு ஸ்டாப் (விலை இந்த அளவைத் தொட்டால் தானாக விற்றுவிடு என்ற ஆணை) வைத்தால், நிஜச் சந்தை அதைத் தட்டிவிட்டுப் போகும்.

நேரத்தைச் சுருக்குவது இதற்கு மருந்தல்ல. எடுக்கும் முறையையே மாற்றுங்கள். ஒவ்வொரு வியாபாரம் நடந்ததும் இணைப்பு அனுப்பும் செய்தி வரும்போதெல்லாம் கருவி அதைக் கேட்கட்டும். எழுதுவது மட்டும் நிமிடத்துக்கு ஒரு வரி. அந்த வரியில் நிமிடத்தின் முதல் விலை, உச்சம், அடி, கடைசி, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை, வந்த செய்திகளின் எண்ணிக்கை ஆகியவை இருக்க வேண்டும். அந்தக் கடைசி எண்ணிக்கையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஏன் என்று பிறகு எழுதுகிறேன், நாளைக் காலையில் வேலை இருக்கிறது.

மார்ச் 4

முடிவு விலை. இங்கே பங்குகளின் தொடர் வியாபாரம் காலை 9:00-க்குத் தொடங்கி மாலை 16:50-க்கு முடிகிறது. அதன் பிறகு முடிவு ஏலம். எல்லாரும் விலை கேட்டு வைப்பார்கள், யாருக்கும் உடனே கைமாறாது. ஏலம் தீரும்போது ஒரே விலையில் பெரிய அளவு கைமாறும். அதிகாரபூர்வ முடிவு விலை அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் கருவி 16:50-க்குக் கடையை மூடினால் அந்த விலை உங்களிடம் எப்படி இருக்கும்? 17:15 வரை ஓட விடுங்கள். ஏலத்தில் வந்த வியாபாரத்துக்குத் தனி அடையாளம் போடுங்கள், தொடர் வியாபாரத்தோடு கலக்காதீர்கள்.

மார்ச் 4, சற்று நேரம் கழித்து

விலையை எந்த வகையில் சேமிக்கிறீர்கள் என்று கேட்க மறந்துவிட்டது. ஜோபர்க் சந்தை விலைகளை நம் நாணயமான ரேண்டில் சொல்லாது, அதில் நூறில் ஒன்றான சென்ட்டில் சொல்லும். நாஸ்பர்ஸ் பங்கு மூவாயிரம் ரேண்டு விற்ற காலத்தில் திரையில் மூன்று லட்சம் என்று நின்றது. சில இணைப்புகள் அதை ரேண்டாக மாற்றி அனுப்பும், சில அப்படியே அனுப்பும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கொட்டினால் ஒரு பங்கு ஒரே நிமிடத்தில் நூறு மடங்கு விழுந்தது போல இருக்கும். சென்ட்டில், முழு எண்ணாகவே வையுங்கள். தசமப் புள்ளியே வேண்டாம்.

மார்ச் 6

டர்பனிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தான். மணிக்கு ஒரு முறை ரேண்டு விலையைப் பார்ப்பது வீட்டுக்காரனுக்குப் போதும்."

போதாது என்று அழுத்திச் சொல்வேன். 2016 ஜனவரி 11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு திங்கட்கிழமை. முந்திய மாதம் 9-ஆம் தேதி அன்றைய அதிபர் ஜூமா நிதியமைச்சர் நெனேயை நீக்கியதிலிருந்து ரேண்டு ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. அன்று ஜப்பானில் விடுமுறை. ஆசியச் சந்தை அப்போதுதான் கண் விழிக்கிறது, இங்கே எல்லாரும் தூக்கம். வாங்க ஆளில்லாத அந்த நேரத்தில் ரேண்டு சில நிமிடங்களுக்குள் ஏறத்தாழ 9 சதவீதம் விழுந்து டாலருக்கு 17.99 வரை போனது. பிறகு பெரும் பகுதி திரும்பி வந்துவிட்டது. ஜப்பானில் வட்டி வித்தியாசத்துக்காக ரேண்டு வாங்கி வைத்திருந்த சிறு முதலீட்டாளர்களின் ஸ்டாப்கள் ஒன்றையொன்று இழுத்துவிட்டதுதான் காரணம் என்று அப்போது பரவலாகச் சொன்னார்கள்.

மணிக்கு ஒரு முறை பார்த்தவருடைய கோப்பில் அந்தப் பள்ளமே இருக்காது. ஆனால் அந்தப் பள்ளத்தில் ஸ்டாப் வைத்திருந்தவருடைய பணம் போனது போனதுதான். கோப்பில் இல்லாத விலைக்குப் பணம் இழந்திருக்கிறார்! அவர் வீட்டுக்காரரா கம்பெனியா என்று சந்தை கேட்கவில்லை.

இன்னொன்று. நாணயச் சந்தைக்கு ஒரே மையம் கிடையாது. 17.99 எல்லாருடைய திரையிலும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு வங்கியும் புரோக்கரும் தம் விலையைக் காட்டுகிறார்கள். அதனால் ரேண்டு பதிவு செய்யும்போது "ரேண்டு விலை" என்று எழுதாதீர்கள், "இன்ன இணைப்பில் வந்த ரேண்டு விலை" என்று எழுதுங்கள். மூலத்துக்கு ஒரு நெடுவரிசை.

மார்ச் 7

தம்பி மறுபடி கேட்கிறார்: "அப்படியென்றால் எவ்வளவு நெருக்கமாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லதுதானே? நொடிக்கு ஒன்று வைத்துவிடலாமா?"

சேமிக்க நெருக்கம் நல்லது. கணக்குப் போட அப்படியல்ல. முதல் நாள் இதைச் சுருக்கமாக விட்டேன், இப்போது விரிக்கிறேன்.

எந்தப் பங்குக்கும் வாங்குகிறவர் தரத் தயாரான பிட் ஒரு விலை, விற்கிறவர் கேட்கும் ஆஃபர் ஒரு விலை. ஒரு வியாபாரம் பிட்டில் நடக்கும், அடுத்தது ஆஃபரில், அடுத்தது மறுபடி பிட்டில். பங்கின் மதிப்பு அசையவே இல்லை, கடைசி விலை மட்டும் இரண்டுக்கும் நடுவே குதிக்கிறது. நொடிக்கு நொடி எடுத்த விலைகளை வைத்து ஏற்ற இறக்கத்தை அளந்தால் இந்தக் குதிப்பும் உள்ளே வந்து அளவைப் பெருக்கிவிடும். ரிச்சர்ட் ரோல் 1984-லேயே இந்தக் குதிப்பை வைத்தே பிட்டுக்கும் ஆஃபருக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட வழி சொன்னார். ஆராய்ச்சிகளில் ஐந்து நிமிட இடைவெளியை அடிக்கடி பார்க்கிறோமே, அது சும்மா வந்த வழக்கமல்ல. குதிப்பின் கலப்படம் குறைந்து, தகவலும் அதிகம் போய்விடாத ஒரு சமரசம் அது.

அடுத்தது, இரண்டு பங்குகளின் ஒட்டுறவு. ஸ்டாண்டர்ட் பேங்க், நெட்பேங்க் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கும். நாள் கணக்கில் பார்த்தால் அந்த ஒட்டுறவு பளிச்சென்று தெரியும். நொடிக் கணக்கில் பார்த்தால் கரைந்துபோகும். ஒன்றில் வியாபாரம் நடந்த நொடியில் மற்றதில் நடந்திருக்காது, அதனால் செய்தி ஒன்றே ஆனாலும் வெவ்வேறு நொடிகளில் விழுகிறது. டி. டபிள்யூ. எப்ஸ் 1979-ல் இதைக் காட்டினார், அவர் பெயரிலேயே எப்ஸ் விளைவு என்கிறார்கள். நொடித் தரவை வைத்து "இரண்டு வங்கிகளுக்கும் தொடர்பில்லை, இரண்டிலும் போட்டால் ஆபத்து பிரிந்துவிடும்" என்று யாராவது முடிவுக்கு வந்தால் அது அவர்களுடைய பணத்துக்கே ஆபத்து.

ஆகவே வரும் செய்தியை எல்லாம் வந்தபடியே சேமித்து வையுங்கள். எந்த இடைவெளியில் கணக்குப் போடுவது என்பதைக் கணக்குப் போடும் நாளில் முடிவு செய்யலாம். நெருக்கமாக எடுத்ததைப் பின்னால் அகலமாக்கலாம், அகலமாக எடுத்ததை நெருக்கமாக்க யாராலும் முடியாது.

மார்ச் 9

இனி எழுதப் போவதுதான் எனக்கு மிக முக்கியமானது.

2023-ல் இந்த நாட்டில் மின்வெட்டு இல்லாத நாள்கள்தான் அபூர்வம். இரண்டு, இரண்டரை மணி நேரம் போகும், சில நாள் மறுபடியும் போகும். சந்தைக்கு சாண்டனில் ஜெனரேட்டர் இருக்கிறது, அது நிற்காது. நிற்பது நம் வீட்டு ரவுட்டர். அந்தக் காலத்தில் ஒரு பதிவுக் கருவியின் கோப்புகளைத் தூசி தட்டிப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. வரைபடம் போட்டால் அடிக்கடி ஒரு நேர்கோடு. விலை 11:58-க்கு எங்கே இருந்ததோ 14:20 வரை அங்கேயே நிற்கிறது, பிறகு சட்டென்று வேறோர் இடத்துக்குத் தாவுகிறது. சந்தை அமைதியாக இருந்ததா? இல்லவே இல்லை. கருவி அங்கே இல்லை. கரண்ட் வந்து திரும்பி எழுந்ததும், "காலி வரி அசிங்கமாக இருக்கும்" என்று எண்ணி, கடைசியாகத் தெரிந்த விலையை எல்லா நிமிடங்களிலும் நிரப்பிவிட்டது. அப்படி நிரப்பும்படி யாரோ நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கோப்பு ஒரு பொய்யைச் சொல்கிறது, அதுவும் நம்பும்படியாகச் சொல்கிறது. ஆறு மாதம் கழித்துத் திறப்பவருக்கு எது நிஜ அமைதி, எது மின்வெட்டு என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

விலை வராத நிமிடத்துக்குப் பல காரணம் உண்டு. சந்தை மூடியிருக்கலாம். சந்தை திறந்திருந்தும் அந்தப் பங்கை யாரும் தொடாமல் இருக்கலாம். சிறிய கம்பெனிப் பங்குகளில் இது சாதாரணம். விலை திடீரென்று எல்லை தாண்டியதால் தொடர் வியாபாரம் நின்று, பங்கு சில நிமிட ஏலத்துக்குப் போயிருக்கலாம். அல்லது நாம் அங்கே இல்லாமல் இருந்திருக்கலாம். கோப்பில் பார்க்க நான்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும், பொருளோ நான்குக்கும் வேறு. கருவி இவற்றைப் பிரித்து எழுத வேண்டும். பதிவு செய்யும் கருவிக்கு விலை எழுதுவது பாதி வேலை. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதி வைப்பது மீதிப் பாதி.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பெரும்பாலான இணைப்புகள் வியாபாரம் இல்லாதபோதும் சில நொடிகளுக்கு ஒரு முறை "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு துடிப்புச் செய்தி அனுப்பும். அதையும் நேரத்தோடு எழுதுங்கள். துடிப்பு இருந்து வியாபாரம் இல்லை என்றால் பங்கு சும்மா இருந்தது. துடிப்பே இல்லை என்றால் நாம் இல்லை. செய்திகளுக்கு வரிசை எண் இருந்தால் அதையும் எழுதுங்கள், 4017-க்குப் பிறகு 4031 வந்தால் நடுவில் என்னவோ போய்விட்டது என்று அப்போதே தெரியும். ஒவ்வொரு வியாபாரத்துக்கும் இரண்டு நேரம்: சந்தையில் நடந்த நேரம் ஒன்று, நம்மிடம் வந்து சேர்ந்த நேரம் ஒன்று. இரண்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனால் இணைப்பு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம்.

நிரப்ப வேண்டுமென்றால் கணக்குப் போடும் இடத்தில், தெரிந்தே நிரப்புங்கள். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

முதல் நாள் சொன்ன செய்தி எண்ணிக்கை இதற்குத்தான். எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் விலைக் கட்டம் காலியாக இருக்க வேண்டும்.

மார்ச் 10

பலரும் கேட்டதால்: கருவி ஓட பெரிய கணினி வேண்டாம். ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று போதும், ரவுட்டருக்கும் அதற்கும் ஒரு மினி யுபிஎஸ். ஆனால் தெருவோரத்தில் இருக்கும் ஃபைபர் பெட்டியில் பேட்டரி இல்லையென்றால் வீட்டுக்குள் எத்தனை பேட்டரி வைத்தும் பயனில்லை.

மார்ச் 10, மாலை

நேரம் பற்றி ஒன்று. நேற்று அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. நாம் ஆண்டு முழுக்க உலகப் பொது நேரத்துக்கு இரண்டு மணி முன்னே, மாற்றுவதே இல்லை. போன வெள்ளி வரை நியூயார்க் நமக்கு 16:30-க்குத் திறந்தது, இன்றிலிருந்து 15:30-க்கு. லண்டன் மாத இறுதியில்தான் மாற்றும். அதுவரை அது 10:00-க்கே திறக்கும், அப்புறம் 9:00. பிஎச்பி, ஆங்லோ அமெரிக்கன் போல லண்டனிலும் ஜோபர்க்கிலும் பட்டியலிட்ட பங்குகளை ஒப்பிடுகிறவர்கள் லண்டன் மாற்றிய பிறகு ஒரு மணி நேரம் தவறிப் பொருத்திவிடுவார்கள். எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரம்.

மார்ச் 13

மொரிஷியஸிலிருந்து ஓர் அண்ணன், போர்ட் லூயி சந்தைக்கு இந்தக் கருவி பொருந்துமா என்று கேட்கிறார். 1989-ல் தொடங்கிய சின்னச் சந்தை அது. பல பங்குகளில் வியாபாரத்துக்கும் வியாபாரத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி. அண்ணா, அங்கே மாதிரி எடுக்கவே தேவையில்லை. நடந்த வியாபாரம் ஒவ்வொன்றையும் எழுதி வைத்தால் ஆண்டு முழுவதற்கும் ஒரு சிறிய கோப்புதான் வரும். நிமிட வரி போட்டால் முக்கால்வாசி காலியாகத்தான் இருக்கும். உங்கள் நேரம் நமக்கு இரண்டு மணி முன்னே என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 16

போர்ட் லூயி அண்ணனுக்கு எழுதியதை அசைபோட்டதில் ஒன்று தோன்றியது. கடிகாரத்தின்படி எடுப்பதா, வியாபாரத்தின்படி எடுப்பதா என்ற கேள்வி பெரிய சந்தைக்கும் உண்டு.

2017 டிசம்பர் 6, தளபாடக் கடைகள் நடத்திய ஸ்டைன்ஹாஃப் கம்பெனி. கணக்கில் முறைகேடு, தலைமை அதிகாரி விலகல் என்று முந்திய இரவு அறிவிப்பு வந்தது. காலையில் சந்தை திறந்ததும் பங்கு சரிந்து அன்று ஒரே நாளில் 60 சதவீதத்துக்கு மேல் போனது. அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி, பப்ளிக் இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் வழியாக, அதில் பெரும் பங்கு வைத்திருந்தது. டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எத்தனை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நர்ஸுகள்! பங்குச் சந்தைப் பக்கமே தலைவைக்காதவர்களும் அன்று அந்த விலையைக் கேட்டு விசாரித்தார்கள்.

அன்றைய காலை ஒரு நிமிடத்தில் நடந்த வியாபாரம் சாதாரண நாளின் பல மணி நேரத்துக்குச் சமமாக இருந்திருக்கும். நிமிட வரி போடும் கருவிக்கோ அன்றும் ஒரு நிமிடத்துக்கு ஒரு வரி, தூங்கி வழியும் டிசம்பர் பிற்பகலிலும் ஒரு வரி. இதற்கு மாற்றாக, இத்தனை ஆயிரம் பங்கு கைமாறினால் ஒரு வரி என்று வைக்கலாம். சந்தை ஓடும்போது வரிகள் நெருங்கும், உட்காரும்போது விலகும். எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். ஆனால் இரண்டு பங்குகளை ஒப்பிடும்போது வரிகள் ஒரே நேரத்தில் நிற்காது, எப்ஸ் சொன்ன சிக்கல் வேறு வடிவில் திரும்பி வரும். செய்திகளை வந்தபடியே வைத்திருந்தால் இரண்டு வகை வரியும் வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம்.

மார்ச் 20

இன்று மார்ச் மாதத்தின் மூன்றாம் வியாழன், பங்குக் குறியீட்டு ஃபியூச்சர்ஸ் (குறியீட்டுக்குப் பின்னொரு நாளுக்கான விலையை இன்றே பேசும் ஒப்பந்தம்) கணக்கு முடியும் நாள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரிய நாற்பது கம்பெனிகளின் குறியீடான டாப் 40-இன் ஃபியூச்சர்ஸின் முடிவு மதிப்பை எடுக்க இங்கே பல ஆண்டுகள் இருந்த விதி: பகல் 12:01 முதல் 13:40 வரை, 60 நொடிக்கு ஒரு முறை குறியீட்டைப் பார்த்து, அந்த 100 மதிப்புகளின் சராசரி. சந்தையே மாதிரி எடுக்கிறது, அதுவும் தம்பியைப் போல நிமிடத்துக்கு ஒன்று!

அங்கே அது பொருந்துவதற்குக் காரணம், தேவைப்படுவது உச்சமோ அடியோ அல்ல, யாரும் எளிதில் வளைக்க முடியாத ஒரு நடு மதிப்பு. ஒரே நொடியின் விலையை எடுத்தால் பெரிய பணக்காரர் அந்த நொடியில் மட்டும் அழுத்தித் தள்ளலாம். நூறு நொடிகளில் நூறையும் தள்ள செலவு எகிறும். ஆகவே "நிமிடத்துக்கு ஒரு முறை போதுமா" என்ற கேள்விக்கு, எதற்காக எடுக்கிறீர்கள் என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது. சராசரிக்குப் போதும். உச்சத்துக்கும் ஸ்டாப்புக்கும் போதாது.

நாளை மனித உரிமை நாள், சந்தை விடுமுறை. கருவியில் விடுமுறைப் பட்டியல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நாளை முழுக்க "இணைப்பு அறுந்தது" என்று எச்சரிக்கை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏப்ரலில் புனித வெள்ளியும் வருகிறது. எங்கள் வீட்டில் எல்லாரும் அன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் இருப்போம், கைப்பேசியில் பொய் எச்சரிக்கை அடிக்கக் கூடாது.

மார்ச் 26

தம்பி கருவியை மாற்றி எழுதிவிட்டார். இந்த வாரம் உச்சம், அடி, முடிவு மூன்றும் சந்தை அறிவித்ததோடு ஒத்துப்போகின்றன. ஒரு சின்னப் பங்கில் மட்டும் ஒரு நாள் உச்சம் இடித்தது. பார்த்தால், வியாபாரம் நடந்த பிறகு ரத்தான ஒன்று. ரத்துச் செய்தி வந்தால் பழைய வரியை அழிக்காதீர்கள், "ரத்து" என்று குறியுங்கள். அந்த விலை சில நிமிடம் எல்லார் திரையிலும் நின்றது உண்மை.

ஏப்ரல் 2

கோப்பை நண்பர்களுக்குப் பகிரலாமா என்று கேட்கிறார். நேரலை விலைத் தரவு சந்தையின் உடைமை, புரோக்கர் உங்களுக்குத் தந்தது உங்கள் பயனுக்கு. நிரலைக் கொடுங்கள், தரவைக் கொடுக்காதீர்கள். கட்டணம் இல்லாத தளங்களில் கிடைப்பது பொதுவாக 15 நிமிடம் தாமதித்து வருவது. நண்பர்கள் அதை எடுத்து, வந்து சேர்ந்த நேரத்தையே வியாபார நேரமாக எழுதினால் கோப்பு முழுக்கக் கால் மணி நேரம் தள்ளி நிற்கும். அதே கோப்பில் நேரலையில் வரும் ரேண்டு விலையையும் சேர்த்தால் ரேண்டு அசைந்து கால் மணி கழித்துத்தான் பங்குகள் அசைவதாகத் தோன்றும். அதை ஒரு பெரிய கண்டுபிடிப்பாக எண்ணிப் பணம் போட்டுவிடப் போகிறார்கள். மூலத்துக்கு வைத்த நெடுவரிசைக்குப் பக்கத்தில் தாமதத்துக்கும் ஒன்று வையுங்கள், நேரலை என்றால் பூஜ்யம், இல்லையென்றால் 15.